மல்லிகைக் கட்டு

பவளத்தின் மாரில் மல்லிகைப் பூவைக் கட்டியது பாஞ்சாலிதான். ஆனால் கட்டச் சொல்லித் தலையை ஆட்டியது பவளம். இதை அவள் யாரிடமும் மறுக்க முடியாது. தன் மனசிடம்கூட முடியவில்லை.

எட்டாம் மாதமே வலி கண்டு வீட்டிலேயே பிறந்துவிட்டது குழந்தை. பெண். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது, அழவும் தெம்பில்லை. புருஷன் கன்னியப்பன் அதைப் பழைய வேட்டியில் சுருட்டிக்கொண்டு உத்திரமேரூர் போய், காஞ்சிபுரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினான். பவளத்துக்கு உதிரப்போக்கும் ஜுரமும். பஸ்ஸில் குலுக்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார். குழந்தை அங்கே கண்ணாடிப் பெட்டியில், தாய் இங்கே பாயில். இந்தக் கொடுமைக்கு யாரை நோவது?

மூன்று நாள் ஒரு சேதியும் வரவில்லை. மார் கல்லாய்க் கட்டிக்கொண்டு, ரவிக்கை உரசினால் உயிர் போனது. கன்னியப்பனின் அண்ணன் பெண்டாட்டி பாஞ்சாலிதான் பக்கத்திலேயே இருந்து கஞ்சி கொடுத்தாள், துணி மாற்றினாள். அவளுக்கும் ஏழு மாதக் கைக்குழந்தை உண்டு, பெருமாள் என்று. நான்காம் நாள் காலை ஒரு பந்து பூவோடு வந்து உட்கார்ந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்றட்டும் என்று மாரில் மல்லிகை வைத்துக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"எட்டாம் மாசத்துப் புள்ள எங்கடி பொயச்சிகீது? உன் ஊட்டுக்காரரு சொல்ல வாய் வராம அங்கியே குந்திகினு கீறாரு. பால் கட்டி சீழு புடிச்சா உன் உசுருக்கே ஆபத்து. கட்டட்டா?"

பவளம் கூரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள்.

இரண்டு நாள், காலையும் மாலையும் புதுப் பூ. கட்டின கை நல்ல கை. வலி குறைந்தது, மார் தளர்ந்தது.

ஆறாம் நாள் காலையில் கன்னியப்பன் வந்தான். கையில் ஒரு கண்ணாடிப் புனல், அதன் வாலில் பஸ் ஹாரன் போல ஒரு ரப்பர் குமிழ், கூடவே ஒரு சீசா.

"பவளம், பாப்பா கண்ணு முயிச்சிடுச்சி! மூக்குல ட்யூப் வெச்சி ஊத்தறாங்க. தாய்ப்பாலு கெடச்சா தேறிடும்னு நர்ஸம்மா சொல்றாங்க. இத்த வெச்சி அமுக்கி எடுக்கணுமாம். இல்லாட்டி…"

அறை முழுக்க மல்லிகை வாசனை. அது எதற்கான வாசனை என்று அவனுக்கும் தெரியும்.

"அதுக்குள்ள இன்னாடி பண்ணி வெச்சிகீறீங்க?" என்றான். கத்தக்கூட இல்லை. வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான்.

பாஞ்சாலி பூவைப் பிய்த்து எறிந்தாள். அன்றிலிருந்து ஓயாத வேலை. பூண்டை வேகவைத்துக் கொடுத்தார்கள், வெந்தயக் கஞ்சி, முருங்கைக்கீரை, சந்தையிலிருந்து வாங்கிவந்த பால்சுறாக் கருவாடு. பவளம் பொழுதன்னைக்கும் குமிழை அமுக்கினாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்ததே தவிர, சீசாவின் அடி நனையவில்லை. அந்த ஈரத்தையும் கன்னியப்பன் தண்ணீர்த் தூக்கில் வைத்து ஏழு மணி பஸ்ஸில் கொண்டுபோனான். வைகாசி வெயிலில் பால் தாங்காது. விடியலில் எடுப்பது மட்டும்தான் பஸ் ஏறும்.

மூன்று நாள் கழித்து சீசாவில் பால் ஏறத் தொடங்கியது. பவளம் விடியுமுன் இருட்டில் படுத்தபடியே டம்ளரில் கறந்து கொடுப்பாள், எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. பாஞ்சாலி கொண்டுபோய், சுடுதண்ணீரில் போட்டெடுத்த சீசாவில் ஊற்றி வருவாள். முதல் கோடு வரை வந்தது. மறுநாள் இரண்டாம் கோடு. எனக்கா இவ்வளவு என்று பவளத்துக்கு ஆச்சரியம், கொஞ்சம் கர்வமும்தான்.

"வெயிட்டு ஏறுதாம். உன் பாலுதான் காப்பாத்திச்சின்னு நர்ஸம்மா சொல்லிச்சி" என்று கன்னியப்பன் சொன்ன ராத்திரி அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை காலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. நாமே கொண்டுபோய்க் கொடுப்போமே என்று டம்ளரோடு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கட்டுக்குப் போனாள்.

மாட்டுக்கொட்டகையில் பாஞ்சாலி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை திறந்திருந்தது. ஒரு கையில் சீசா, மறுகையால் தன் மாரைப் பிழிந்துகொண்டிருந்தாள். கோணியில் கிடந்த பெருமாள் பசியில் வீறிட்டு அவள் மடிக்குத் தவழ்ந்து வந்தான். அவள் முழங்கையால் அவனைத் தள்ளினாள். மறுபடி வந்தான். மறுபடி தள்ளினாள்.

பவளத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னுடையது என்று நினைத்திருந்ததெல்லாம் ஒரு நொடியில் போயிற்று.

"எத்தினி நாளா?"

பாஞ்சாலி திடுக்கிட்டாள். ஆனால் திரும்பவில்லை. "நாலு நாளா. கட்டுனது நானாச்சேடி."

"தலைய ஆட்டுனது நான்க்கா."

வாசலிலிருந்து கன்னியப்பன், "அண்ணி, டைம் ஆவுது" என்று குரல் கொடுத்தான். பவளம் டம்ளரை நீட்டினாள். அதில் கால் கரண்டிகூட இல்லை.

"இதையும் ஊத்துக்கா. என்னுதும் கொஞ்சம் போவட்டும்."

பாஞ்சாலி ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சீசாவோடு ஓடினாள்.

பெருமாள் அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தான். பவளம் வைக்கோலில் சாய்ந்து அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். "வத்துன மாருடா கண்ணு" என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தாள். அவன் கோபத்தோடு கவ்வினான். முளைத்திருந்த இரண்டு பல்லும் வெடித்த காம்பில் பதிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். குடிக்கட்டும், என் பிள்ளைக்காகப் பட்டினி கிடந்த வாய்தானே. அந்த ரப்பர் குமிழ் ஒருநாளும் இப்படி இழுத்ததில்லை.

வெகு நேரம் வெறும் மாரைத்தான் சப்பினான். பிறகு மாருக்குள் எங்கோ சுருக்கென்றது. மடக், மடக் என்று அவன் தொண்டையில் சத்தம் கேட்டது. கடைவாயில் வெள்ளையாக வழிந்தது.

பாஞ்சாலி திரும்பி வந்து கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். "வருதாடி?"

"வருதுக்கா." பவளத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பஸ்ஸு பூடுச்சா?"

"பூடுச்சி."