மேலே பிடித்தவன்

கண்ணாடி தூக்குகிற வேலையில் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. படியேறும்போது கீழே பிடித்திருப்பவன் "விடு" என்றால், மேலே பிடித்திருப்பவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டால் நஷ்டம் கண்ணாடியோடு போகும். ஒருவன் விட்டு, இன்னொருவன் பிடித்துக்கொண்டிருந்தால், அது திரும்பி, விட்டவன் மேலேயே சாயும்.

நெட்டையனுக்கு இது தெரியாததல்ல. பன்னிரண்டு வருஷமாக அவனும் அவன் மனைவியின் அண்ணனும் ஜோடி. மச்சான் கீழே, இவன் மேலே.

முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்தபோது நெட்டையனுக்கு டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போய் இரண்டு வருஷமாகிறது. மாத்திரை போகவில்லை. டாக்டர் சீட்டு கேட்காமல் கொடுக்கிற கடைகள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒன்று என்று தொடங்கியது நாலில் வந்து நின்றது. போடாவிட்டால் மூக்கு ஒழுகும், எலும்புக்குள் எறும்பு ஊரும், உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் படுக்கத் தோன்றும். போன மாதம் மச்சான் கண்டுபிடித்துக் கண்டபடி திட்டினார். விட்டுவிடுகிறேன் என்று இவன் அழுதான். பொய்யாக அழவில்லை. ஆறு நாள் விடவும் செய்தான். ஏழாம் நாள் காலில் செருப்பு மாட்டியதுதான் தெரியும், கடை வாசலில் நின்றான்.

இன்று காலை வேலை தொடங்கும்முன் கையுறையை மாட்டிக்கொண்டே மச்சான் கேட்டார்.

"ஒழுங்கா இருக்கியா மாப்ள? இல்லன்னா சொல்லிடு. திட்ட மாட்டேன், வேற ஆள வச்சுக்கிறேன்."

"இப்பல்லாம் உங்க தங்கச்சி வைக்கிற குழம்பு ஒண்ணுதான் மச்சான் உள்ள போற விஷம்."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். இவனுக்குள்ளே நாலு மாத்திரை கரைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஈரச் சிமெண்டில் மச்சானின் கால் வழுக்கியது. "விடு" என்றார். நெட்டையனுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி கேட்டது. விரல்கள் திறந்தபோது கண்ணாடி திரும்பியிருந்தது.

மச்சானின் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல். உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, விரல் மடங்குமா என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வலிக்கு ஒரு சீட்டு எழுதினார். கட்டில் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த நெட்டையனின் மனைவி அதை அவனிடம் நீட்டி வாங்கிவரச் சொன்னாள்.

சீட்டைப் பார்த்தான். அதே பேர்.

கடைக்காரர் ஒளிக்காமல் மறைக்காமல் எடுத்துக் கொடுத்தார். ஒரு அட்டை, பத்து மாத்திரை. காலையில் போட்டது இறங்கிக்கொண்டிருந்தது, முதுகெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரி வாசல் குழாயடியில் வெகுநேரம் நின்றான். இரண்டே இரண்டு, யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு எப்படியோ, பத்தோடும் மேலே போய்ச் சேர்ந்தான்.

அவன் நீட்டிய அட்டையையும் ஒழுகுகிற அவன் மூக்கையும் மச்சான் பார்த்தார்.

"இதுதானா அது?"

"ஆமா மச்சான். இதுல தொடல, பாருங்க."

"காலைல?"

"நாலு" என்றான்.

மனைவியின் அழுகை சட்டென்று நின்றது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நெட்டையனுக்குத் தோன்றியது. அவர் திட்டவில்லை. வலி தாங்காமல் பல்லைக் கடித்தபடி, நன்றாக இருக்கிற இடது கையை நீட்டி அட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

"விடு மாப்ள."

இந்தத் தடவை தெளிவாகவே கேட்டது. விட வேண்டும் என்றுதான் நினைத்தான். அட்டை நசுங்குகிற சத்தம் கேட்டது.

"விடு."

மனைவி எழுந்து வந்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் மட்டும் வரவில்லை.