இடுப்பில் இருந்த பொருக்கு

கறி தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தது என்று றெஜினா சொல்வது, வார்ட்டுக் கதவடியில் நின்ற அவளுடைய புருசன் செபநாயகத்துக்கு நன்றாகக் கேட்டது. திரைக்குப் பின்னால் தாதி அவளுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இது என்ன காயம், இடுப்பில் இது என்ன காயம் என்று கேட்டிருந்தாள். ஒன்பது நாள் காய்ச்சலில் நாக்குத் தடித்துக் கிடந்த றெஜினா இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். பழகிய பதில்தான். கையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோதும் எண்ணெயில்தான் பழியைப் போட்டாள்.

கையில் இருந்தது செபநாயகத்தின் வேலை. போன மாதம், கூட வேலை செய்கிற யாகோப்புக்கு முன்னால் தன்னைப் பகிடி பண்ணிவிட்டாள் என்று, எரிந்துகொண்டிருந்த சுருட்டை அப்படியே வைத்து அழுத்தினான்.

இடுப்பில் இருந்ததுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. நேற்றுக் காலை அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றியபோது சட்டை விலகியதில் கண்டான். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், சுருட்டு முனை அளவில், நடுவில் கரியாய்க் கறுத்து, சுற்றிவரச் சிவந்திருந்தது. கண்டதும் சட்டையை இழுத்து மூடிவிட்டான். காயத்தைக் கண்டல்ல. சுட்டது தானா இல்லையா என்பதே தனக்குத் தெரியவில்லையே என்றுதான். குடித்துவிட்டு விழுந்து கிடந்த நாட்களைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தான். புளித்த கள்ளின் நாற்றத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை.

சின்ன வயசுக்காரியான டொக்டர் வந்தார். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் போலவும் இல்லை, ஈரல் பழுதாகிக்கொண்டு வருகிறது என்றார். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா பார்த்தீர்களா என்று தாதியைக் கேட்டார். பொருக்கு இல்லை, சூட்டுக் காயம் இரண்டுதான், எண்ணெய் தெறித்ததாம் என்றாள் தாதி. டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பொருக்கு என்ற சொல்தான் செபநாயகத்தைப் பிடித்து நிறுத்தியது. போன வருசம் யாகோப்புக்கும் இப்படித்தான் ஒரு காய்ச்சல் வந்தது. கமக்கட்டுக்குள் கறுப்பாய் ஒரு பொருக்கு. உண்ணிக் காய்ச்சல் என்று குளிசை கொடுத்தார்கள், இரண்டு நாளில் எழும்பிவிட்டான். பிறகு கண்டவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கிக் கமக்கட்டைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

மூன்று கிழமைக்கு முன்னால் யாகோப்பும் றெஜினாவும் தானுமாய்த் துப்பரவாக்கிய காணி நினைவுக்கு வந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்து முப்பது வருசத்துக்குப் பிறகு விட்ட காணி. கனடாவில் இருக்கும் தமையனுக்காக ஆழ்வாப்பிள்ளை என்றவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரை விழுந்த வீட்டுக்குள் ஒரு மெத்தை உக்கிக் கிடந்தது. மண்வெட்டியால் புரட்ட, பஞ்சுக்குள் மயிர் முளைக்காத குஞ்செலிகள் சிவப்பு இறைச்சித் துண்டுகளாய் நெளிந்தன. மூத்திர நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. நாலா பக்கமும் எலி ஓடியது, அடித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு றோட்டில் நின்றபடி, செத்ததுகளை அங்கே விடாமல் பொறுக்கிக்கொண்டு போகச் சொன்னார். றெஜினாதான் வெறுங்கையால் பொறுக்கி உரப்பையில் போட்டாள். ஒவ்வொரு எலியின் காதுக்குள்ளும் மிளகாய்த்தூள் அப்பினதுபோல் சிவப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் அசைந்தது.

“அக்கா, எலியெல்லாம் சிவப்புக்கல்லுத் தோடு போட்டிருக்கு. உங்களுக்குத்தான் ஒண்டுமில்லை,” என்றான் யாகோப்பு.

அவள் சிரித்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, வெட்டிப் போட்ட புல்லுக் குவியலில் குந்தியிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன பாணைப் பிய்த்துத் தின்றாள். செபநாயகமும்தான் தின்றான்.

இடுப்பில் இருப்பது பொருக்காக இருக்கலாம். தான் சுட்டதாகவும் இருக்கலாம். டொக்டர் வார்ட்டின் மற்றக் கோடிக்குப் போய்விட்டார். வாயைத் திறந்தால் இந்த வார்ட்டில் இருக்கிற அத்தனை பொம்பிளைகளுக்கும் தெரியவரும். திறக்காவிட்டால், நாய்போல் இளைத்துக்கொண்டு கிடக்கிற இவள் இரண்டு நாள்கூடத் தாங்கமாட்டாள். கொண்டுவந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில்களுக்கு நடுவால் நடந்தான்.

“டொக்டர், என்ரை மனிசி பொய் சொல்லுறா. கையிலை இருக்கிறது எண்ணெய் இல்லை. நான் சுருட்டாலை சுட்டது.”

டொக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துக் கட்டில் பொம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இடுப்பிலை இருக்கிறது நான் சுட்டதில்லை எண்டு நினைக்கிறன். எலிக் காணியிலை வேலை செய்தனாங்கள். ஒருக்காப் பாருங்கோ.”

“நினைக்கிறீங்களோ? உங்களுக்குத் தெரியாதோ?”

“வெறியிலை இருந்தனான் டொக்டர்.”

தாதி அவனைப் பார்த்த பார்வையை அவன் அறிவான். உக்கிய மெத்தையைப் புரட்டியபோது தான் பார்த்ததும் அந்தப் பார்வைதான்.

டொக்டர் திரைக்குப் பின்னால் போனார். அதிக நேரம் எடுக்கவில்லை. இது உண்ணி கடித்த பொருக்கு என்றார். எலிக்கு அந்தக் கிருமியால் ஒன்றும் ஆகாதாம், அது நன்றாய்த் தின்று திரியுமாம், அதில் ஒட்டிக்கிடக்கிற உண்ணியின் குஞ்சு கடித்தால் மனுசருக்குத்தான் கேடாம். தாதியிடம் இதைச் சொல்லிக்கொண்டே மருந்தை எழுதினார்.

திரை விலகியதும் றெஜினா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, அதை ஏன் சொன்னனீங்கள்,” என்று முனகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவள் எழும்பி இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, தாதி கூட்டிவர, ஆஸ்பத்திரிப் பொலிஸில் இருந்து ஒரு பெண் வந்து கட்டிலடியில் கதிரையை இழுத்துப்போட்டாள். செபநாயகம் கால்மாட்டில் நின்றான். இவர் சுட்டது உண்மையா என்று பொலிஸ்காரி கேட்டாள். எண்ணெய் தெறித்த கதை வரும் என்று அவன் காத்திருந்தான். வரவேண்டும் என்று ஆசைப்பட்டான், அப்படி ஆசைப்பட்ட தன்னைக் காறித் துப்பவேண்டும்போலவும் இருந்தது.

“ஓம், சுட்டவர்தான். அவரே சொல்லிப்போட்டார்தானே,” என்றாள் றெஜினா.

மிச்சக் கஞ்சியையும் குடித்து, கோப்பையைப் பக்கத்தில் வைத்து, வாயைத் துடைத்தாள். புருசனைப் பார்க்கவில்லை.

“மிஸ், உந்தக் கையை மட்டும் சொல்லவோ, எல்லாத்தையும் சொல்லவோ?”

வந்தவள் கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.