உள்குழாய்

...சைலன்சரின் வெளித்தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்குழாய்தான் நடுவில் விரிந்து உடைந்திருக்கிறது, ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மடியிலிருக்கும் சாக்குக்குள் துண்டுகள் கிலுகிலுக்கின்றன, அதைக் கேட்கக் கேட்க ஆரோக்கியசாமிக்கு வெல்டர் சலீமின் முகம்தான் நினைவுக்கு வருகிறது, எப்படிச் சொல்வது? பாலாநகர் ஷெட்டிலிருந்து சனத்நகரில் அவன் பட்டறை என்ன பெரிய தூரம், அதற்குள் நோகாத ஒரு வார்த்தை கிடைத்துவிடாதா... பாய், நீ செய்துகொடுத்த சைலன்சர் இருபது மணிநேரம்கூடத் தாங்கவில்லை, அடுத்ததைக் கம்பெனியில் வாங்கிக்கொள்கிறேன் என்றா? ஓய்வுபெற்ற பிறகு நாலு வருஷமாகத் தன் கையால் கட்டிய இரண்டு இருக்கை விமானம், அதில் சுழலும் ரோட்டரி என்ஜின், அதன் புகைக்குழாய் பழுக்கிற சூட்டில் கார் சைலன்சர் இரண்டே நாளில் ஓட்டையாகிவிட்டது, அடுத்து சலீம் செய்தது இது. கர்த்தர் காப்பாற்றினார், தரையில் ஓட்டிப் பார்க்கும்போதே உடைந்தது, ஆகாயத்தில் ஒரு துண்டு போய்க் குழாய் வாயை அடைத்து என்ஜின் நின்றிருந்தால்? பக்கத்து இருக்கையில் மனைவி லலிதா... கம்பெனிக்காரர்கள் காட்டியது நிக்கல் தகடு, நன்றாக உழைக்குமாம், ஆனால் என்ன கனம், அதை மாட்டினால் லலிதா தன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், சொன்னால் சிரிப்பாள், பையில்லாமல் மாதா கோயிலுக்கே வரமாட்டாள்.

சிக்னலில் ஆட்டோ நின்றது. சாக்கை விலக்கி உள்ளே பார்த்தார். இரண்டு முனையிலும் சலீமின் பற்றவைப்பு மணிமணியாக அப்படியே இருக்கிறது, குழாயின் நடுதான்... அப்படியானால்? சூட்டில் நீளப் பார்த்திருக்கிறது, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் பாவம் எங்கே போகும்? ஒரு முனையை இறுக்காமல் விட்டுவைத்திருக்க வேண்டும்... இதை யாரோ சொன்னார்களே, யார்? வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த சலீம், ஈரத் தாடியோடு, அண்ணே ஒரு பக்கம் சும்மா விடலாமா என்று கேட்டான், நக்கோ பாய், வேண்டாம், ரெண்டு பக்கமும் இறுக்கிப் பத்தவை என்றது யார்? ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம், ஆடுகிற எதையும் சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியே பழகிய இந்தக் கைதான். ஆனால் காலையில் போனில் உடைந்ததைச் சொன்னபோது சலீம், “என் வெல்டிங்லதான் கோளாறு இருக்கும்ணே, கொண்டாங்க” என்றான், இவரும் பெரிய மனசோடு பரவாயில்லை என்றார், பரவாயில்லையாமே... காது சுட்டது, ஆனாலும் இனிச் சலீமை நோகடிக்க வேண்டியதில்லை, என்னவோ மனசு லேசாகிவிட்டது, சாக்குகூடக் கனக்கவில்லை.

பட்டறை வாசலில் சலீம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீ சொல்லிவிட்டு வந்தான். மேஜையில் புதுக் குழாய் வெட்டித் தயாராக இருந்தது, ஒரு முனையில் அது வழுக்கி நகர அளவாக ஒரு வளையமும்.

“நான்தானே பாய் இறுக்கச் சொன்னேன்.”

“டீ ஆறுதுண்ணே.”

குடித்தார். இஞ்சி தூக்கலாக, நன்றாகவே இருந்தது. அந்த முப்பது வருஷத்தில் தான் போட்ட சிவப்பு வட்டங்களில் எத்தனையை இப்படி யாரோ தங்கள் தப்பாகவே பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்களோ... ஒரு முகமாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தார்.