பெரட்டில் பதில் சொன்ன ஏழு பேர்

"செத்தவங்க பேர நோட்டுல அடிச்சாச்சுன்னு எத்தன தடவ சொல்றது, தபித்தாக்கா, நீங்க பாட்டுக்கு..."

"அடிச்ச பேருக்கு இப்ப பதில் சொன்னது ஆருங்க, மேஸ்திரி? உங்க காதுல என்ன, தேயிலத் தூளா?"

"லேட்டாகுது. கூடையத் தூக்குங்க."

மண்சரிவில் புதைந்த ஏழு பேரும் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துவிட்டார்கள். மஞ்சூருக்கு மேலே அந்த எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். மேஸ்திரி தனசிங் கூப்பிட்டு முடித்து நோட்டை மூடியதும், சரிந்துபோன பதினோராம் நம்பர் தேயிலைக் காட்டு மண்ணுக்கடியிலிருந்து ஒவ்வொருவராக "இருக்கேனுங்க" என்றார்கள். கடைசிக் குரல் தபித்தாளின் மகள் ஜெஸிந்தாவுடையது. அதில் சளி கட்டியிருந்தது. சரிவுக்கு முந்தின நாள் அங்கே தரை வெடித்திருந்ததைக் காட்டி ஏழு பேரும் லீவு கேட்டிருந்தார்கள். கொழுந்து முற்றிவிடும் என்று தனசிங் தரவில்லை.

எஸ்டேட் ஆபீஸ் கோயம்புத்தூரிலிருந்து மனநல நிபுணர் பாலசுப்பிரமணியத்தை அழைத்து வந்தது. நல்ல மனிதர். ஒரு வாரம் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டுவிட்டு மூன்று தாளில் திட்டம் எழுதினார். முதல் தாள் தனி ஆளுக்கு: மூச்சுப் பயிற்சி. இரண்டாவது ஏழு குடும்பங்களுக்கு: வட்டமாக உட்கார்ந்து இறந்தவர்களைப் பற்றிப் பேசுவது. மூன்றாவது மொத்த லைனுக்கும்: பெரட்டில் ஏழு பேரையும் ஒருமுறை கூப்பிட்டு, "லீவு குடுத்தாச்சு, போங்க" என்று மேஸ்திரி சொல்வது. அந்த வரி தபித்தாள் சொல்லிக்கொடுத்தது. "குடுத்தாத்தானுங்க போவா. சொல்லாம மட்டம் போடுற புள்ள இல்லீங்க அவ."

இப்போது லீவு கொடுத்தால் அன்றைக்கு அவர்கள் லீவு கேட்டது உண்மையென்று ஆகிவிடும் என்று ஆபீஸ் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, பதிலுக்கு இரண்டு நிமிட மௌனமும் டீயும் சேர்த்தது. பாலசுப்பிரமணியம் ஒரு நாள் முழுக்க வாதாடினார். மறுநாள் கையெழுத்துப் போட்டார். மௌனத்தின்போது குரல்கள் இன்னும் தெளிவாகக் கேட்டன.

திட்டம் பலித்தது என்றுதான் அறிக்கை சொன்னது. ஜனங்கள் நன்றாக மூச்சு விட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள், ஒருவரும் வேலைக்கு மட்டம் போடவில்லை. வருஷங்கள் போயின. புதிதாகச் சேர்ந்தவர்களும் ஏழு குரலும் முடிந்த பிறகே மேடேறப் பழகினார்கள்.

தனசிங் ஓய்வு பெற்ற நாளில் அவர் கழுத்தில் மாலை போட்டு, கடைசியாகப் பேர் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டார். நோட்டை மூடினார். ஆறு குரல்களுக்குப் பின் ஜெஸிந்தா, சளி கலையாத தொண்டையோடு, "இருக்கேனுங்க" என்றாள். கூட்டம் கலைந்தது. தபித்தாள் மட்டும் கூடையோடு நின்றாள்.

"உங்களுக்கு இன்னையோட லீவு குடுத்துட்டாங்க, மேஸ்திரி. எம்புள்ள அன்னைக்கே கேட்டாளேங்க?"