நவம்பர் வராத ரயில்

எம்மெட் வீட்டுக் கீழறையில் எப்போதும் 1953 அக்டோபர்தான். வெளியே ஒஹையோ முழுக்கப் பனி கொட்டினாலும் சரி, வெயில் கொளுத்தினாலும் சரி, அங்கே ஓடும் மாதிரி ரயில்களுக்கு வேறு மாதமே கிடையாது. நண்பர்கள் புதிதாக ஒரு சரக்குப் பெட்டி கொண்டுவந்தால், அதை முதலில் சோதனைத் தண்டவாளத்தில் நிறுத்த வேண்டும். எம்மெட் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். அந்த அக்டோபரிலிருந்து காலம் கொஞ்சம் பிசகினாலும் பெட்டி வீட்டுக்குத் திரும்பிவிடும். பேரன் பேத்தி எடுத்த ஆண்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

அந்த நண்பர்களில் ஒருவரான ஆர்லோ இந்த முறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருந்தார். பழைய ரயில் படங்கள் விற்கும் ஒருவரிடம் அவருக்குப் புதையலே கிடைத்திருந்தது. ஒரே பெட்டியை நான்கு பக்கமும், கூரையையும், அடிப்பாகத்தையும்கூடப் படம் பிடித்திருந்தார்கள். படங்களின் பின்னால் இடமும் தேதியும் இருந்தன: டன்மோர் ரயில் யார்டு, நவம்பர் 1953. ஒரு மாதம்தானே, அதற்குள் பெட்டி என்ன மாறிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். சரக்குப் பெட்டியின் கூரையைப் போய் யார் படம் எடுப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கடையில் வாங்கிய பெட்டியின் எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, படத்தில் இருந்த எண்ணையே ஒட்டினார். 41827. பெட்டியின் பக்கவாட்டு ஏணியில் மேலிருந்து இரண்டாவது படி படத்தில் இல்லை. பிளேடால் அதையும் நறுக்கினார். அந்த இல்லாத படியில்தான் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

பெட்டியைச் சோதனைக்கு வைத்துவிட்டுக் காபிக்காக மேலே போனார். எம்மெட்டின் மனைவி மேவிஸ் பூசணி ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நவம்பர் வந்தாலே இவரு மூஞ்சியே சரியில்ல, ஆர்லோ. அவங்கப்பா நெனப்பு."

"ரயில்ல வேலை பாத்தாருன்னு தெரியும். எப்படிப் போனாருன்னு எம்மெட் சொன்னதே இல்லயே."

"எங்கிட்டயே ஒரு தடவதான் சொன்னாரு. கூரையில இருக்கற கை பிரேக்கை முறுக்கப் பெட்டி மேல ஏறியிருக்காரு. ஏணிப் படி ஒண்ணு கையோட வந்துடுச்சாம். டன்மோர் யார்டுல. இவருக்கு அப்போ ஒம்பது வயசு."

கூரையைப் படம் எடுத்தது விபத்தை விசாரித்தவர்கள் என்று ஆர்லோவுக்கு இப்போதுதான் புரிந்தது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினார். கடவுளே, இன்னும் பார்த்திருக்கக் கூடாது.

எம்மெட் ஏற்கெனவே பெட்டியின் மேல் குனிந்திருந்தார்.

"அதக் கொஞ்சம் குடுங்க எம்மெட். ஒரு வேலை பாக்கி இருக்கு."

"ஆஹா, பயந்துட்டான்யா!" என்று பக்கத்தில் நின்ற இன்னொரு நண்பர் நார்ம் சிரித்தார். "போன தடவ என் பெட்டியப் பாத்து என்ன நக்கல் பண்ணே? இப்ப அனுபவி!"

எம்மெட் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடி எண்ணின் மேல் நின்றது. பிறகு மெல்ல ஏணிக்கு நகர்ந்து, அந்த இடைவெளியில் நின்றுவிட்டது. இத்தனை வருஷ நட்பைத் தன் கையாலேயே நறுக்கிவிட்டோம் என்று ஆர்லோவுக்குத் தோன்றியது.

"சத்தியமாத் தெரியாது எம்மெட். இப்பதான் மேவிஸ் சொன்னாங்க. எடுத்துட்டுப் போயிடறேன். உடச்சுப் போட்டுடறேன்."

"நம்பர் சரி," என்றார் எம்மெட். "பெயின்ட் சரி. ஏணி தப்பு."

"எம்மெட்..."

"உக்காருய்யா. இங்க அக்டோபர். அக்டோபர்ல அந்தப் படி இருந்துச்சு. எங்கப்பா வேலைக்குப் போயிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டாரு. தெனம் வந்தாரு."

நார்மின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. இந்தக் கீழறையில் நவம்பர் ஏன் வருவதே இல்லை என்று அவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

எம்மெட் மெல்லிய கம்பியையும் பசையையும் ஆர்லோ பக்கம் தள்ளினார். ஆர்லோ படி அளவுக்குக் கம்பியை நறுக்கினார். முதல் கம்பி கீழே விழுந்து தொலைந்தது. இரண்டாவது ஒருவழியாக இடத்தில் உட்கார்ந்தது. பசை காயும்வரை ரயில் எதுவும் ஓடவில்லை.

"பிடிச்சுக்கிச்சா?"

"பிடிச்சுக்கிச்சு எம்மெட்."

எம்மெட் இடுக்கியால் அந்தப் படியை இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக.