ஒன்று பத்துக்குச் சாப்பிடப் போனவர்

அந்த அழைப்பு வந்தபோது கலர்காரர் ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு, யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரைக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மா என்று தெரிந்ததும் முகமெல்லாம் பல். திங்கட்கிழமை சோதனைக்கூடத்தில் சேரச் சொல்லப் போகிறார். ஏணிக்கும் வீங்கிப்போன முழங்காலுக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம் என்று போனைக் காதில் வைத்தார்.

"சார், நீங்க இப்போ எங்க வேலை பாக்கறீங்க?"

"தனியாத்தான் பெயிண்டிங் செய்யறேன் மேடம். கடைய விட்டு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. ஃபாரத்துல எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க. விசாரிக்கப் போன எங்க ஆளும் எழுதியிருக்கார். படிக்கிறேன், கேளுங்க. 'கடைக்கு நேரில் சென்றேன். மேற்படி நபர் இன்றும் அங்கு பணியில் உள்ளார். நான் சென்ற நேரத்தில் சாப்பிடப் போயிருந்தார்.'"

கையிலிருந்த பிரஷ் நழுவி நேராக வாளிக்குள் விழுந்தது. கலர்காரருக்கு அது விழுந்ததே தெரியவில்லை.

"அது மட்டும் இல்ல. மேனேஜர்னு ஒரு நம்பர் கொடுத்தீங்களே, அவர்கிட்டயும் பேசினோம். உங்களுக்குப் பெரிய வழியனுப்பு விழா நடத்தினாராம். சுவர்க்கடிகாரம் பரிசாம். மேடையிலயே அவர் அழுதுட்டாராம். விழா வெச்சு அனுப்பின ஆளு இன்னும் எப்படி சார் சாப்பிட்டுக்கிட்டிருப்பாரு?"

கலர்காரர் ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க இப்பவும் அங்க வேலையில இருந்தா இங்க சேர முடியாது. இல்லைன்னா கடையிலேர்ந்து ரிலீவிங் லெட்டர் வாங்கி இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. அஞ்சு தாண்டினா அந்த இடம் அடுத்தவருக்குப் போயிடும்."

ஏணியிலிருந்து எப்படி இறங்கினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இறங்கிய கையோடு மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பழைய கார்களுக்குத் தரகர். நாலு சக்கரத்தில் மூன்று உருண்டாலே 'புத்தம்புது வண்டி' என்று சத்தியம் செய்கிற வாய். அந்த வாயை நம்பித்தான் கலர்காரர் விண்ணப்பத்தில் மேனேஜர் என்று மச்சானின் நம்பரைக் கொடுத்திருந்தார்.

"மச்சான், நல்லா வேலை செஞ்சாரு, நின்னுட்டாருன்னு ரெண்டே வார்த்தை சொல்லச் சொன்னேன். விழா எங்கேர்ந்து வந்துச்சு?"

"மாப்ளே, ரெண்டு வார்த்தைல எந்த வண்டி வித்திருக்கு? கொஞ்சம் பாலிஷ் போட்டேன்."

"நீங்க அழுதீங்களாமே!"

"சொல்லும்போது எனக்கே நெஜமா தொண்டை அடைச்சுடுச்சு மாப்ளே."

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பினார். போகவேண்டிய இடமோ ஒன்றே ஒன்று. இரண்டு வருடமாக அவர் நாலு தெரு சுற்றிப் போனாலும் தலைகாட்டாத பெயிண்ட் கடை.

அங்கே பதினோரு வருடம் நிறம் கலந்தவர் அவர். பழைய சுவரிலிருந்து விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லு கொண்டுவந்து கொடுத்தால் போதும். வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அதே நிறத்தை டின்னில் இறக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு மருத்துவமனைக்குக் கலந்த இளம்பச்சை, பாதிச் சுவரில் ஒரு மாதிரியும் மீதிச் சுவரில் வேறு மாதிரியும் இருந்தது. கான்ட்ராக்டர் கடைக்கே வந்து கத்தினார். முதலாளி அவரைவிட ஒரு சுதி மேலே போய், நாலு வாடிக்கையாளர் முன்னால், "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார்.

கண்ணை வைத்துச் சோறு தின்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? கலர்காரர் டின்னை மூடினார். கையைக் கழுவினார். கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் நோட்டில் வழக்கம்போல எழுதினார்: 'சாப்பாடு, 1.10.' வெளியே போனார். போனவர் போனவர்தான். சொல்லிக்கொள்ளவுமில்லை, கடிதம் கொடுக்கவுமில்லை. கடையிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்காமலேயே நம்பரை மாற்றிவிட்டார்.

கடை வாசலில் பைக்கை நிறுத்தினார். உள்ளே டர்பன்டைன் வாசனை, டின்களைக் குலுக்கும் இயந்திரத்தின் சத்தம், எதுவும் மாறவில்லை. முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்புறம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"வா. சாப்பாடு ஆச்சா?"

கலர்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மொதலாளி, என்னைக் கேலி பண்ணுங்க, வாங்கிக்கறேன். ஆனா விசாரிக்க வந்தவர்கிட்ட போய் இப்படியா சொல்றது? என் வேலையே போகப்போகுது!"

"நான் என்னத்தப்பா சொன்னேன்? அந்த ஆளு வந்தான். இவர் வேலைய விட்டு எப்ப நின்னாருன்னு கேட்டான். நோட்டை எடுத்து அவன் முன்னாடி போட்டேன். நோட்டுல என்ன இருக்கோ அதைத்தான் எழுதிட்டுப் போனான்."

நோட்டை இப்பக்கம் தள்ளினார். கலர்காரர் பார்த்தார்.

இது அவர் எழுதிய பழைய நோட்டு இல்லை. புதிது. ஆனால் முதல் பக்கத்தின் முதல் வரியில் அவர் பெயர். பக்கத்தில், 'சாப்பாடு, 1.10.' திரும்பிய நேரத்துக்கான கட்டம் காலி. எழுத்து முதலாளியுடையது. கடையில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டு தீர்ந்தால், வெளியே போய் இன்னும் திரும்பாதவர்களின் வரியைப் புது நோட்டின் தலையில் பெயர்த்து எழுதவேண்டும். டெலிவரிக்குப் போன வண்டிக்காரருக்காக ஏற்பட்ட வழக்கம் அது.

"இது எத்தனையாவது நோட்டு மொதலாளி?"

"நீ போன பெறவு ஆறாவது."

ஆறு முறை! யானை விலை சொல்லிப் பூனை விலைக்குக் கொடுக்கிற மாதிரி நடித்து யானை விலையையே வாங்கிவிடுகிற மனிதர், ஆறு முறை உட்கார்ந்து தன் கையால் இந்தப் பெயரை எழுதியிருக்கிறார். கலர்காரர் அந்த வரியை விரலால் தொட்டார்.

"ஏன்?"

முதலாளி எழுந்தார். ஒரு வாடிக்கையாளருக்கு உப்புத்தாள் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு நீ போனதும் கான்ட்ராக்டர் கொண்டாந்து போட்ட காலி டின்னையெல்லாம் திருப்பிப் பாத்தேன். பாதி டின்னு வேற பேஸ், நிறம் சேக்கற அடிப் பெயிண்டே வேற. வெள்ளை பேஸ் கேட்டிருக்க. அவசரத்துல நான் கைக்கு வந்ததை எடுத்து, மூடியத் தொறந்தே உன்கிட்ட நீட்டியிருக்கேன். லேபிளைப் பாக்க உனக்கு நேரம் குடுக்கல. உன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. என் கண்ணுதான் அவிஞ்சிருந்துச்சு."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"யாருகிட்ட? ரெண்டு மணிக்கு வருவே, சொல்லலாம்னு உக்காந்திருந்தேன். நீ வரல. சரி, கோவம் ஆறி நாளைக்கு வருவான்னு பாத்தேன். போனை எடுக்கல. அப்புறம் அந்த நம்பரே இல்லைன்னு சொல்லுச்சு. பேரை அடிச்சா, நான்தான் உன்ன வெரட்டுனேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அடிக்க மனசு வரல."

இரண்டு வருடமாக மனதுக்குள் இந்த மனிதரைத் திட்டுவதற்குச் சேர்த்துவைத்த சொற்களெல்லாம் எங்கே போயின என்று கலர்காரர் தேடினார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பக்கத்திலிருந்த டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"லெட்டர்தானே? இதோ எழுதறேன்" என்று தாளை எடுத்தார் முதலாளி.

"ரெண்டு வருஷம் முந்தின தேதி போடுங்க மொதலாளி. ஃபாரத்துல அந்தத் தேதிதான் இருக்கு."

"முன்தேதி என் கையில வராது. இன்னிக்குத்தான் விடறேன், இன்னிக்குத் தேதிதான்."

"அப்போ நான் பொய் சொன்னதா ஆயிடும்!"

"ஏன், சொல்லலியா? மேனேஜர்னு ஒருத்தர் விழா எடுத்தாருன்னு அந்த ஆளு சொன்னான். என் கடைக்கு எனக்குத் தெரியாம ஒரு மேனேஜரா? ஒரு நிமிஷம் எனக்கே பயமாப் போச்சு. அந்தம்மாவுக்குப் போனைப் போடு."

மணி நாலேகால். கலர்காரர் போன் போட்டார். மச்சானின் கதையை முதலில் தானே உடைத்துவிட்டார். மேனேஜர் என்று சொன்னவர் தன் மனைவியின் அண்ணன். விழா இல்லை, கடிகாரம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்ததை மறைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்றார். அதற்குள் முதலாளி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"வணக்கம்மா. கடை ஓனர் பேசறேன். ஆமா, இவன் சொல்லாமத்தான் போனான். அது தப்பு. போறமாதிரி பேசினது நான். பாதித் தப்பு என் பேர்ல எழுதிக்குங்க."

"ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு சார்" என்றார் ஹெச்.ஆர். அம்மா. "இவரை நீங்க மறுபடியும் வேலைக்கு எடுப்பீங்களா?"

"என்னம்மா கேக்கறீங்க? நான் இன்னும் அவன் பேரையே அடிக்கலியே!"

மறுமுனையில் அவர் என்னவோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பெரிய அதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அதற்குப்பிறகு இருபத்தெட்டு நிமிடம். கலர்காரர் ஒவ்வொன்றையும் எண்ணினார். மணி அடித்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"கடிதத்தை இன்னிக்குத் தேதியோடவே அனுப்புங்க சார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்து சேருங்க. ஆனா அந்த மேனேஜர் பேசினது உங்க ஃபைல்ல இருக்கும். ப்ரொபேஷன் மூணு மாசம் இல்ல, ஒரு வருஷம். சம்மதமா?"

"சம்மதம் மேடம்" என்றார் கலர்காரர்.

முதலாளி கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். நீட்டினார். கலர்காரர் பிடித்தார். முதலாளியோ விடவில்லை, தாளின் ஒரு முனை இவர் கையில், மறுமுனை அவர் கையில்.

"திங்கட்கிழமைதானே சேரணும்?"

"ஆமா மொதலாளி."

"இன்னிக்கு வியாழன். வெள்ளி, சனி ரெண்டு நாள் சும்மாத்தானே இருப்பே? எட்டு ஆர்டர் கலக்காம கிடக்கு. நீ போன பெறவு வந்தவனெல்லாம் நீலத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் கேக்கறான்."

"கூரை பாதியில நிக்குது மொதலாளி. சனி முடியாது."

"ஞாயிறு கூரை அடி. யாரு வேணாங்கறா?"

"வெள்ளி மட்டும்."

"வெள்ளி முழுசா, சனி அரை நாள்."

"வெள்ளி மட்டும் மொதலாளி. ஆனா காலைல ஏழு மணிக்கே வந்துடறேன்."

முதலாளி கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். பிறகு தாளை விட்டார்.