மைல்கல்லும் இரண்டு கோஷ்டியும்

ஆயுத பூஜை வந்தால் லாரிக்காரர் லாரிக்கு வாழைக்கன்று கட்டுவார், தையல்காரர் மிஷினுக்குப் பொட்டு வைப்பார். ரோட்டு வேலைக்காரர்களுக்கு மைல்கல்தான் சாமி. பாடாலூரில் பிரிகிற சாலையோரக் கல்லை இளையபெருமாள் விடிந்ததுமே தேய்த்துக் கழுவி, சுற்றிலும் மண்ணைச் செதுக்கி, வெள்ளையடித்து, தலைக்குப் பச்சை பூசிவிட்டார். இஞ்சினியர் குடும்பத்தோடு பூஜைக்கு வருகிறார்.

பெயிண்ட் காயவில்லை. புரோட்டாக் கடைச் செவலை நாய் வந்தது, மோந்தது, காலைத் தூக்கியது.

"சீ, போ சனியனே!"

கழுவினார், பூசினார். எதிர்ப்பக்கமிருந்து கறிக்கடை நாய் கருப்பன் வந்து தன் பங்குக்கு நனைத்துவிட்டுப் போனான். மறுபடி கழுவினார். இந்தத் தடவை இரண்டும் பரிவாரத்தோடு வந்து, கல்லுக்கு அந்தாண்டையும் இந்தாண்டையும் நின்று பல்லைக் காட்டின.

"அண்ணே, அபிஷேகம் அமோகமா நடக்குது போல" என்றான் கூட வேலை பார்க்கும் பாக்கியராஜ். கல்லுக்கு மாலை வாங்கி வந்தவனே அவன்தான்.

புளியமரத்தடியில் சத்யப்பிரியா செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருநாய்கள் எப்படி எல்லை போட்டுக் காக்கின்றன என்று மாதக்கணக்கில் அங்கே வந்து ஆராய்ச்சி செய்கிற பெரம்பலூர்ப் பெண்.

"ஏம் பாப்பா, வேடிக்க பாக்குறியே, இதுங்கள நிறுத்த வழி சொல்லக்கூடாதா?"

"நீங்க கழுவக் கழுவத்தாண்ணே வரும். இந்தக் கல்லுதான் ரெண்டு கோஷ்டிக்கும் எல்லை. தினம் மோந்து பாத்துட்டு, எதிராளி அவன் பக்கமே இருக்கான்னு தெரிஞ்சுகிட்டு சண்டையில்லாம போயிடும். நீங்க வாசனைய அழிச்சுட்டீங்க."

"அப்ப கலவரத்த மூட்டுனதே நான்தாங்குற?"

"ஆமாண்ணே."

"இஞ்சினியர் கல்லத் தொட்டுக் கும்புடுவாரும்மா. கை நனைஞ்சுதுன்னா என் கதி?"

அவள் யோசித்தாள். "செதுக்குன மண்ணு எங்கண்ணே? வாசனை அதுல இருக்குமே."

அந்த மண்ணை ஒரு காலித் தார் டின்னைச் சுற்றிக் குவித்தார்கள். கறிக்கடைப் பக்கம் தள்ளி வைத்துவிடலாம் என்றான் பாக்கியராஜ்.

"அய்யோ, எல்லைய நகத்துனா கருப்பன் விடமாட்டான்! கல்லுக்கு நேர் பின்னால, வாய்க்காலோரமா வைங்க."

"இதுக்கு மசியுமா?"

"தெரியாதுண்ணே. நானும் அதத்தான் பாக்கணும்."

கல்லுக்குக் கடைசிப் பூச்சு பூசி, காய்ந்ததும் சந்தனம் இட்டு, மாலை போடவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது. இஞ்சினியர் செருப்பைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துச் செவலை வந்தது. கல்லிடம் மூக்கை நீட்டியது. பெயிண்ட் நெடியில் ஒரு தும்மல் போட்டது. அப்படியே திரும்பி டின்னண்டை போய் நெடுநேரம் மோந்து, காலைத் தூக்கியது. அது நகர்ந்ததும் கருப்பன் வந்தான், அந்தாண்டை மோந்தான், பின்னங்காலால் மண்ணை வாரியடித்துவிட்டுக் கறிக்கடைக்கே திரும்பினான்.

பாக்கியராஜ் விசிலடித்தான். சத்யப்பிரியா படம் பிடிப்பதையும் மறந்து நின்றாள்.

"என்னய்யா, நாயெல்லாம் வரிசையா வருது?" என்றார் இஞ்சினியர்.

"அதுங்களுக்கும் இன்னிக்குப் பூஜை சார்" என்ற இளையபெருமாள், பாக்கியராஜின் காதோரம் குனிந்தார். "சீக்கிரம் கற்பூரத்தக் கொளுத்துடா. அவனுங்க மனசு மாறிடப் போவுது."